டேன்பரியின் தானியக்குழிகள்: மலைக்கோட்டை வாழ்க்கையை மண்ணடுக்கில் படிப்பது எப்படி?

கேள்வி இது: “ஐரோப்பாவின் பழைய மலைக்கோட்டைகளில் எழுத்தும் இல்லை, கல்வெட்டும் இல்லை. அங்கே இருந்தவர்கள் என்ன சாப்பிட்டார்கள், எத்தனை காலம் இருந்தார்கள், எப்போது விட்டுப் போனார்கள் என்றெல்லாம் வெறும் மண்ணைப் பார்த்து எப்படிச் சொல்கிறார்கள்? பாதிக்கு மேல் ஊகம்தானே?”

ஊகம் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் அது எந்த இடத்தில் நுழைகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். எந்த மண் முதலில் விழுந்தது, எது அதன்மேல் விழுந்தது என்பதில் ஊகத்துக்கு இடம் மிகக் குறைவு. அந்த மண் ஏன் விழுந்தது, யார் போட்டார்கள் என்று கதை சொல்லத் தொடங்கும்போதுதான் ஊகம் வருகிறது. இந்த இரண்டையும் பிரித்து வைத்துக்கொண்டால், மலைக்கோட்டைகளைப் பற்றி நமக்குத் தெரிந்ததில் எது உறுதியானது, எது நாளை மாறக்கூடியது என்று உங்களாலேயே சொல்லிவிட முடியும். அதற்கு இங்கிலாந்தின் இரண்டு கோட்டைகள் போதும். ஒன்று ஹாம்ப்ஷயரில் உள்ள டேன்பரி. மற்றொன்று டார்செட்டில் உள்ள மெய்டன் காசில். முதலாவது மண்ணை எவ்வளவு நுணுக்கமாகப் படிக்கலாம் என்று காட்டுகிறது. இரண்டாவது, அதே மண்ணைத் தவறாகப் படித்தால் என்ன ஆகும் என்று காட்டுகிறது.

முதலில் ஒரு விளக்கம். மலைக்கோட்டை என்றதும் நமக்குக் கருங்கல் மதிலும் கொத்தளமும் நினைவுக்கு வரும். இவை அப்படிப்பட்டவை அல்ல. கி.மு. முதல் ஆயிரமாண்டில், இரும்புக்கால மக்கள் ஒரு குன்றின் உச்சியைச் சுற்றி அகழி வெட்டி, வெட்டிய மண்ணையே உட்புறம் கரையாகக் குவித்து, மரத் தூண்களால் அதற்குப் பிடிமானம் கொடுத்துக் கட்டிய கோட்டைகள் இவை. வீடுகள் வட்டமானவை. மரச்சட்டமும் மண்பூச்சும் வைக்கோல் கூரையும் கொண்டவை. இன்று மேலே போய் நின்றால் புல் மூடிய மேடும் பள்ளமும்தான் கண்ணில் படும். கட்டடம் என்று சொல்ல ஒரு கல்லும் இல்லை. அதனால் மண்ணைப் படிப்பதைத் தவிர வேறு வழியே கிடையாது.

தமிழ்நாட்டில் அகழாய்வுக் குழிகளில் பல பருவங்கள் நின்று வேலை செய்தவன் நான். மண்ணடுக்கு என்றால் என்ன என்று கேட்பவர்களுக்கு விளக்கம் சொல்வதைவிடக் காட்டுவதே எளிது. காலையில் முதல் வேலை, குழியின் பக்கச் சுவரைக் கொத்தனார் கரண்டியால் மெல்லச் சீவுவது. பிறகு கைத்தெளிப்பானால் தண்ணீர் தெளிப்பது. காய்ந்திருக்கும்போது முழுச் சுவரும் ஒரே சாம்பல் நிறமாகத் தெரியும். ஈரம் பட்டதும் பழுப்பும் கறுப்பும் செம்மையும் தனித்தனியே பிரிந்து வரும். வெயில் ஏறினால் அத்தனையும் மீண்டும் மங்கிவிடும். அதற்குள் ஆணி முனையால் கோடு கீறி, ஒவ்வோர் அடுக்குக்கும் எண் எழுதிய சீட்டைக் குத்திவிட வேண்டும். கண்ணுக்குத் தெரியாத வேறுபாடு சில நேரம் காதுக்குத் தெரியும். மிதித்து இறுகிய தரையில் கரண்டி உரசும் ஓசை ஒன்று, குப்பைக் குழியில் உரசும் ஓசை வேறு.

டேன்பரியில் இந்த வேலை இன்னும் தெளிவாக அமைந்தது. அந்தக் குன்று முழுக்க வெள்ளைச் சுண்ணப் பாறை. கரும்பலகையில் எழுதும் சுண்ணக்கட்டி அளவுக்கு மென்மையானது. அதில் மனிதர் வெட்டிய எந்தக் குழியும், நட்ட எந்தக் கம்பத்தின் துளையும், வெள்ளைத் தாளில் மை சிந்தியதுபோல் கறுப்பாகத் தெரியும். தொல்லியலாளர் பேரி கன்லிஃப் 1969 முதல் 1988 வரை இருபது பருவங்கள் அங்கே தோண்டினார். உட்பகுதியில் பாதிக்கு மேல், 57 விழுக்காடு, திறக்கப்பட்டது. ஏறத்தாழ 2,400 தானியக்குழிகள், 70க்கும் மேற்பட்ட வட்ட வீடுகள், சுமார் 500 செவ்வகக் கட்டமைப்புகள், ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட பானை ஓடுகள், இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட விலங்கு எலும்புகள் கிடைத்தன. ஐந்து ஹெக்டேர் அளவுள்ள ஒரு குன்றின் தலையில் இவ்வளவும். ஐரோப்பாவில் இந்த அளவுக்கு முழுமையாகப் படிக்கப்பட்ட மலைக்கோட்டைகள் மிகச் சிலவே.

ஆனால் குழி தெரிவது வேறு, அதை நிரப்பிய மண்ணைப் படிப்பது வேறு. ஒரு பள்ளம் தானாக நிரம்பினால் எப்படி இருக்கும், மனிதர் நிரப்பினால் எப்படி இருக்கும் என்று தெரியாமல் படிக்க முடியாது. இதற்காகவே 1960இல் வில்ட்ஷயரின் ஓவர்டன் டவுன் என்ற இடத்தில் ஒரு காரியம் செய்தார்கள். சுண்ண நிலத்தில் புதிதாக ஓர் அகழியும் கரையும் வெட்டி அப்படியே விட்டுவிட்டார்கள். 1962, 1964, 1968, 1976, 1992 என்று குறித்த ஆண்டுகளில் மட்டும் அதைக் குறுக்கே வெட்டி, என்ன ஆகியிருக்கிறது என்று பார்த்தார்கள். தொடங்கியவர்கள் எல்லோரும் முடிவைப் பார்க்க மாட்டார்கள் என்று தெரிந்தே தொடங்கிய சோதனை அது. எனக்கு இந்தத் துறையில் மிகவும் பிடித்த காரியங்களில் ஒன்று.

அங்கே தெரிந்தது இதுதான். அகழி முதல் சில ஆண்டுகளில் வேகமாகத் தூர்ந்தது. குளிர்காலத்தில் பாறையின் ஈரம் உறைந்து விரிசல் விட, சுண்ணக்கல் துண்டுகள் உடைந்து உருண்டு அடியில் சேர்ந்தன. கோடையில் நுண்மண் மட்டும் வந்தது. பருக்கல் ஒரு வரி, நுண்மண் ஒரு வரி என்று, மரத்தின் ஆண்டு வளையம்போல அடுக்கு விழுந்தது. பிறகு சரிவு நிலைப்பட்டுப் புல் பிடித்ததும் வேகம் அடங்கிவிட்டது. ஆக, ஒரு பழைய அகழியின் அடியில் கிடக்கும் கல் நொறுக்கு ஆயிரம் ஆண்டுக் கதை சொல்வதாக நினைத்தால் அது தவறு. அது ஏழெட்டு ஆண்டுகளின் வேலையாக இருக்கலாம். அதன்மேல் கிடக்கும் ஒரு சாண் நுண்மண்ணுக்கு நூற்றாண்டுகள் பிடித்திருக்கலாம். மண்ணடுக்கின் கனம் காலத்தின் நீளத்தைக் காட்டாது. புதிதாகப் படிக்க வருபவர்கள் பெரும்பாலும் சறுக்குவது இந்த இடத்தில்தான்.

இப்போது டேன்பரியில் திரும்பத் திரும்ப வரும் மாதிரியில் ஒரு தானியக்குழிக்குள் இறங்குவோம். வாய் குறுகி, அடி அகன்று, தேன்கூட்டு வடிவில் இருக்கும். ஆள் இறங்கி நிற்கலாம். நம் குதிர் தரைக்கு மேல் நிற்கும். இவர்களுடையது தரைக்குக் கீழ். தானியத்தைக் கொட்டி, வாயைக் களிமண்ணால் அடைத்துவிடுவார்கள். ஈரப்பதம் மிகுந்த இங்கிலாந்தில் மண்ணுக்குள் புதைத்த தானியம் அழுகாதா என்ற சந்தேகம் வெகுநாள் இருந்தது. பட்சர் என்ற இடத்தில் 1972இல் தொடங்கிய சோதனைப் பண்ணையில் பீட்டர் ரெனால்ட்ஸ் இதைச் செய்தே பார்த்தார். சுவரை ஒட்டிய தானியம் ஈரம் பட்டு முளைக்கத் தொடங்குகிறது. முளைக்கும்போது குழிக்குள் இருக்கும் பிராணவாயுவைத் தின்று கரியமில வாயுவை விடுகிறது. காற்று தீர்ந்ததும் முளைப்பும் நின்றுவிடுகிறது, பூஞ்சையும் அடங்குகிறது. ஓரத்தில் ஒரு மெல்லிய தோல் கெட்டுப்போக, உள்ளே இருப்பது குளிர்காலம் முழுவதும் அப்படியே உறங்குகிறது. வசந்தத்தில் எடுத்து விதைத்தால் முளைக்கிறது.

இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. ஒருமுறை திறந்தால் காற்று புகுந்துவிடும். முழுவதையும் உடனே எடுத்தாக வேண்டும். அன்றாடம் இரண்டு படி எடுத்துச் சமைக்க இந்தக் குழி பயன்படாது. அடுத்த பருவத்து விதைக்கோ, பெரிய கூட்டத்துக்கு விருந்து வைக்கவோ, மொத்தமாகக் கைமாற்றவோதான் ஏற்றது. அன்றாடச் சமையலுக்கான தானியம் தரைக்கு மேலே, நான்கு கம்பங்களில் நிற்கும் களஞ்சியங்களில் இருந்திருக்க வேண்டும். அந்தச் செவ்வகக் கட்டமைப்புகளில் பெரும்பாலானவை அவைதாம் என்பது கன்லிஃபின் கருத்து. ஒரு குழி எப்படி இயங்கும் என்று தெரிந்ததும், அதைத் தோண்டியவர்களின் ஆண்டுக் கணக்கு நமக்குத் தெரியத் தொடங்குகிறது. அறுவடை முடிந்ததும் மூடுவது, விதைப்புக்குத் திறப்பது. குழி காலியாக நிற்பது கோடையில்.

காலியான குழியில் என்ன நடந்தது என்பதைத்தான் அடுக்குகள் சொல்கின்றன. அடித்தளத்தில், வெள்ளைத் தரையின்மேல் நேராக, பல குழிகளில் ஏதோ வைக்கப்பட்டிருக்கிறது. குதிரையின் தலை, நாயின் முழு உடல், அண்டங்காக்கை, முழுப் பானை, சில இடங்களில் மனித உடல். அதற்கும் தரைக்கும் இடையே மண் இல்லை. தானியத்தை எடுத்துக் கூட்டிச் சுத்தம் செய்த உடனேயே வைத்திருக்கிறார்கள் என்று அதிலிருந்து தெரிகிறது. அதன்மேல் மழைநீர் கொண்டுவந்த மெல்லிய வண்டல். அந்த வண்டலில் வயல் எலி, தவளை போன்ற சிற்றுயிர்களின் எலும்புகள் கிடந்தால், விழுந்தவை ஏற முடியாமல் மாண்டிருக்கின்றன. அப்படியானால் குழி வாய் திறந்தே கிடந்திருக்கிறது. பிறகு உறைபனி உடைத்த சுண்ணக்கல் நொறுக்கு. குறுகிய வாய் உடைந்து விழுந்து, குழியின் மேல்பகுதி அகன்றுபோகிறது. இது ஓரிரு குளிர்காலம் கடந்ததற்கு அடையாளம். அதற்கும் மேலே, சாம்பலும் எலும்பும் ஓடும் கலந்த குப்பை கூடை கூடையாகக் கொட்டப்பட்டிருக்கும். கடைசியில், அமுங்கிய பள்ளத்தில் மெதுவாகச் சேர்ந்த கறுப்பு மண்.

அடியிலுள்ள உடல் தூக்கி எறியப்பட்டதா, மரியாதையாக வைக்கப்பட்டதா? இங்கேதான் நான் முன்னே சொன்ன எல்லைக்கோடு வருகிறது. உடல் முதலில் வந்தது, வண்டல் பிறகு வந்தது என்பது உறுதி. நிலத்தடி தெய்வங்களுக்குத் தானியத்தைக் காவலுக்குக் கொடுத்து, திரும்ப எடுத்ததும் நன்றிக் காணிக்கை வைத்தார்கள் என்பது கன்லிஃபின் விளக்கம். எனக்கு அது பொருந்துவதாகவே படுகிறது. விதைத் தானியத்தைத் தெய்வத்தின் பொறுப்பில் விட்டுவிட்டு மாதக்கணக்கில் காத்திருந்தவன், அது முளைவிடும் நிலையில் திரும்பக் கிடைத்தபோது சும்மா குழியை விட்டுப் போயிருப்பான் என்று நினைக்க மனம் வரவில்லை. ஜே. டி. ஹில் என்ற ஆய்வாளர் இதை இன்னொரு கோணத்தில் பார்த்தார். இத்தகைய படையல்களை மொத்த ஆண்டுகளுக்குப் பங்கிட்டால் அவை அபூர்வமான நிகழ்ச்சிகளாகத்தான் வரும், அன்றாடக் குப்பையின் சராசரி மாதிரியாக அவற்றை எடுத்துக்கொள்ளக் கூடாது என்றார். இதை மறக்கக் கூடாது. ஒரு குழியில் குதிரைத் தலை இருந்தால், அவர்கள் தினமும் குதிரை தின்றார்கள் என்று முடிவு கட்டிவிட முடியாது.

குழிகளில் ஒரு குறை உண்டு. இரண்டு குழிகள் ஒன்றையொன்று வெட்டினால் எது முந்தியது என்று தெரியும். தனித்தனியாக இருந்தால் மண்ணை வைத்து வரிசைப்படுத்த முடியாது. டேன்பரியின் நடுப்பகுதியில் பழைய நிலமட்டமே இல்லை. மழையும் காற்றும் அரித்து, பாறைக்குள் வெட்டிய குழிகளின் அடிப்பாகம் மட்டும் மிஞ்சியிருக்கிறது. வீட்டுத் தரை, அடுப்பு, முற்றம் எல்லாம் போய்விட்டன.

அவை தப்பிய இடம் கரையின் உள்பக்கத்து அடிவாரம். கரையை உயர்த்துவதற்காக உட்புறத்திலேயே மண் எடுத்தார்கள். அதனால் கரையை ஒட்டி நீண்ட பள்ளம் விழுந்தது. காற்று படாத ஒதுக்குப்புறம் என்பதால் அங்கேயே வீடு கட்டினார்கள். மேட்டிலிருந்து அரித்து வந்த மண் எல்லாம் அந்தப் பள்ளத்தில்தான் வந்து படிந்தது. குன்றின் நடுப்பகுதி இழந்ததை அதன் ஓரம் சேர்த்து வைத்திருக்கிறது என்று சொல்லலாம். ஒரு வீட்டின் சுண்ணத் தரை, அதன்மேல் மிதிபட்ட சாம்பல், அதன்மேல் மேட்டிலிருந்து வந்த கல் கலந்த வண்டல், அதற்கும் மேலே இன்னொரு வீட்டின் தரை. இந்த வரிசைதான் டேன்பரியின் முழுக் கால அட்டவணைக்கும் முதுகெலும்பு. பானை வகைகள் எந்த வரிசையில் மாறின என்பதை இங்கே கண்டுபிடித்து, அதை அளவுகோலாக வைத்து நடுப்பகுதிக் குழிகளையும் காலவரிசையில் நிறுத்தினார்கள். எலும்பிலும் கரியிலும் மிஞ்சியிருக்கும் கதிரியக்கக் கரிமத்தை அளந்து காலம் சொல்லும் கரிமக் கணிப்பு அதற்கு ஆண்டுகளைக் கொடுத்தது. கோட்டை கி.மு. ஆறாம் நூற்றாண்டு வாக்கில் எழுந்து, கி.மு. 100 வாக்கில் கிழக்கு வாயில் எரிந்து, பெரும்பாலும் கைவிடப்பட்டது என்ற கணக்கு இப்படித்தான் வந்தது.

இந்த வரிசைகளைப் பதிவு செய்யும் முறையும் அதே வட்டாரத்தில்தான் பிறந்தது. ஹாம்ப்ஷயரின் வின்செஸ்டர் நகர அகழாய்வுப் பதிவுகளோடு போராடிக்கொண்டிருந்த எட்வர்ட் ஹாரிஸ், 1973இல் ஒரு வரைபட முறையை வகுத்தார். ஒவ்வோர் அடுக்கும் ஒரு பெட்டி. எது எதன்மேல் என்பது கோடு. வம்சாவளி மரம் வரைவதுபோல. இன்று உலகெங்கும் அகழாய்வாளர் பயன்படுத்துவது அதைத்தான்.

வெறும் கண்ணுக்கு எட்டாத அடுக்கும் உண்டு. வீட்டுத் தரையிலிருந்து தீப்பெட்டி அளவு மண்ணைக் கலையாமல் வெட்டியெடுத்து, பிசினில் ஊறவைத்து இறுக்கி, 0.03 மில்லிமீட்டர் கனத்துக்குத் தேய்த்து, நுண்ணோக்கியில் பார்க்கிறார்கள். எதைப் பார்க்கிறோம் என்று தெரிய வேண்டுமே? அதற்கும் பட்சர் பண்ணைதான் உதவியது. அங்கே இரும்புக்கால முறையில் கட்டிய வட்ட வீடுகளில் ஒன்றில் கால்நடைகளைக் கட்டினார்கள். இன்னொன்றை மனிதர் புழங்கும் வீடாக வைத்திருந்தார்கள். பிற்பாடு இரண்டின் தரையையும் எடுத்துப் பார்த்தார்கள். தொழுவத்துத் தரையில் சாணமும் வைக்கோல் இழைகளும் படலம் படலமாக இறுகி, சிறுநீரின் பாஸ்பேட் ஏறிக் கெட்டிப்பட்ட பொருக்காக இருந்தது. வீட்டுத் தரையில் அப்படிப் படலம் இல்லை. சாம்பலும் தூசியும் கரித்துகளும் காலடிபட்டு நொறுங்கி ஒன்றாகக் கலந்திருந்தன. கூரை போய், சுவர் போய், இரண்டாயிரம் ஆண்டு கழிந்தாலும் இந்த வேறுபாடு மண்ணில் நிற்கும். ஆடு மாடுகளின் குடலில் உருவாகும் நுண்ணிய சுண்ண உருண்டைகளும் அப்படித்தான். அமில மண்ணில் கரைந்துவிடும், சுண்ண நிலத்தில் அப்படியே கிடக்கும். வட்டமான எல்லாக் கட்டடத்தையும் வீடு என்று எழுதிவிடும் வழக்கத்தை இந்த ஆய்வுகள் அசைத்துவிட்டன.

உணவு பற்றிக் கேட்டிருந்தீர்கள். கருகாத தானியம் மட்கிப்போகும், கருகியதுதான் மிஞ்சும். டேன்பரியில் அப்படி மிஞ்சியவற்றில் மிகுதி ஸ்பெல்ட் என்ற உமி நீங்காக் கோதுமையும் வாற்கோதுமையும். தானியத்தைவிடக் களை விதைகள் அதிகம் பேசின என்பது என் எண்ணம். மார்ட்டின் ஜோன்ஸ் என்ற ஆய்வாளர் அவற்றைப் பிரித்துப் பார்த்தபோது, வறண்ட சுண்ண மேட்டில் வளரும் களைகளும், ஈரமான ஆற்றோர நிலத்தில் மட்டும் வளரும் களைகளும் சேர்ந்தே இருந்தன. குன்றின் தலையில் ஆற்றோரக் களைக்கு வேலை இல்லை. ஆகவே வெவ்வேறு நிலங்களில் விளைந்த தானியம் மேலே ஏறி வந்திருக்கிறது. யாரோ சுமந்து வந்திருக்கிறார்கள். வரியாகக் கொண்டு வந்தார்களா, பொதுச் சேமிப்புக்காகவா என்பதில் ஆய்வாளர்கள் இன்னும் மோதிக்கொள்கிறார்கள். கோட்டைத் தலைவன் ஒருவன் இருந்து வசூலித்தான் என்று சொல்ல, மற்றவற்றைவிடப் பெரிய வீடு ஒன்றாவது வேண்டும். டேன்பரியில் அப்படித் தனித்துத் தெரியும் வீடு இல்லை. எனவே பொதுச் சேமிப்பு என்ற பக்கமே நான் சாய்கிறேன்.

எலும்புகளில் என் மனத்தில் நின்றது பிறந்த சில நாளில் மாண்ட ஆட்டுக்குட்டிகளின் எலும்பு. விரல் நீளம்கூட இராது. அவை டேன்பரிக் குழிகளில் கணிசமாகக் கிடைத்தன. செத்த குட்டியை யாரும் வெகுதூரம் சுமந்து மலையேற மாட்டார்கள். ஈனும் காலத்தில் தாய் ஆடுகள் கோட்டைக்குள்ளோ அதை ஒட்டியோ இருந்திருக்க வேண்டும். அப்படியானால் குளிர்காலக் கடைசியிலும் வசந்தத்திலும் மேய்ப்பர்கள் அங்கே இருந்திருக்கிறார்கள். கோட்டை என்பது போர் வந்தால் மட்டும் ஓடி ஒளியும் இடம் என்ற பழைய எண்ணத்துக்கு, இந்தச் சின்ன எலும்புகள் எந்த வாளையும்விட வலுவான மறுப்பு.

போரே இல்லை என்று சொல்லவில்லை. கிழக்கு வாயிலருகே சுமார் 11,000 கவண்கற்கள் குவியலாகக் கிடந்தன. வாயில் எரிந்திருக்கிறது. ஆனால் நானூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட அடுக்குகளில் எரிந்த வாயில் ஒரு வரி. மீதி எல்லாம் மூடிய குழி, திறந்த குழி, கூட்டிய தரை, மாற்றிக் கட்டிய சுவர்.

அந்த ஒரு வரி எவ்வளவு மயக்கக்கூடியது என்பதற்குத்தான் மெய்டன் காசில். 19 ஹெக்டேர் பரப்பு, ஒன்றன்பின் ஒன்றாகக் கரைகள். பிரிட்டனின் மிகப் பெரிய மலைக்கோட்டைகளில் ஒன்று. தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலரும் அவர் மனைவி டெஸ்ஸா வீலரும் 1934இல் அங்கே தோண்டத் தொடங்கினார்கள். 1936இல், வேலை பாதியில் இருக்கும்போதே, டெஸ்ஸா இறந்துபோனார். மண்ணடுக்கை ஒழுங்காகப் பதிவு செய்வதில் இருவருமே கறார். நிலத்தைச் சதுரக் கட்டங்களாகப் பிரித்து, கட்டங்களுக்கு இடையே தோண்டாத வரப்பை விட்டு, வரப்பின் முகத்தில் அடுக்குகளை எண்ணிட்டு வரைந்தார்கள்.

கிழக்கு வாயிலுக்கு வெளியே கல்லறைகள் வந்தன. சில எலும்புக்கூடுகளில் வெட்டுக் காயம். ஒன்றின் முதுகெலும்பில் இரும்பு முனை ஒன்று செருகி நின்றது. அருகே கரியும் சாம்பலும் நிறைந்த ஓர் அடுக்கு. கி.பி. 43இல் ரோமானியர் பிரிட்டனுக்குள் வந்தார்கள் என்பதும், பின்னாளில் பேரரசனான வெஸ்பாசியன் அந்தப் படையெடுப்பில் தெற்கில் பல ஊர்களைப் பிடித்தான் என்பதும் ரோம வரலாற்றில் இருக்கிறது. வீலர் இரண்டையும் சேர்த்தார். ரோமப் படை வாயிலைத் தாக்கியது, குடிசைகளுக்குத் தீ வைத்தது, தப்பியவர்கள் இரவோடு இரவாகத் தம் உறவினரைப் புதைத்தார்கள். கண்முன்னே நடப்பதுபோல் எழுதினார். பல தலைமுறை மாணவர்கள் அதை அப்படியே படித்தார்கள்.

1985-86இல் நியல் ஷார்ப்பிள்ஸ் மீண்டும் அங்கே தோண்டினார். கரி அடுக்கில் இருந்தது இரும்பு வேலையின் கழிவு. வாயிலருகே பெரிய அளவில் கொல்லுப்பட்டறைகள் நடந்திருக்கின்றன. எரிந்த குடிசைகள் என்று எழுதப்பட்டது உலைக்களச் சாம்பல். அண்மையில் 2025இல் போர்ன்மவுத் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அந்த எலும்புகளின் கரிமக் கணிப்பை வெளியிட்டார்கள். இறப்புகள் ஒரே நாளில் நடக்கவில்லை. கி.மு. முதல் நூற்றாண்டின் கடைசியிலிருந்து கி.பி. முதல் நூற்றாண்டின் தொடக்கம் வரை, தலைமுறைகளாகப் பரவியிருந்தன. பிரிட்டானிய மக்கள் தமக்குள்ளேயே மோதிக்கொண்ட காலத்தின் காயங்களாகவே அவற்றை அவர்கள் பார்க்கிறார்கள்.

வீலரைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. அவர் அடுக்குகளின் வரிசையைப் பிழையாக வரையவில்லை. கரி அடுக்கு எங்கே இருந்தது, கல்லறைகள் எங்கே இருந்தன என்று அவர் பதிவு செய்ததால்தான் அரை நூற்றாண்டு கழித்து இன்னொருவர் போய்ச் சரிபார்க்க முடிந்தது. கையில் ஒரு கதையை வைத்துக்கொண்டு குழிக்குள் இறங்கினால் கரியெல்லாம் படையெடுப்பாகத் தெரியும். எனக்கும் அது நேர்ந்திருக்கிறது. ஒரு குழியில் செக்கச்சிவந்த மண்ணைக் கண்டு தீ விபத்து என்று குறிப்பேட்டில் எழுதிவிட்டேன். மூன்று நாள் கழித்து அடுத்த கட்டத்தைத் திறந்தபோது பானைச் சூளையின் விளிம்பு தெரிந்தது. வரைந்த படத்தில் மாற்ற எதுவும் இல்லை. எழுதிய வாக்கியத்தைத்தான் அடிக்க வேண்டியிருந்தது.

இதே வீலர், இந்தியத் தொல்லியல் துறையின் தலைவராக வந்தபோது, 1945இல் புதுச்சேரிக்கு அருகே அரிக்கமேட்டில் அதே முறையில் தோண்டினார் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கலாம். அதற்கு முன் அங்கே தோண்டியவர்கள் பொருள்களைச் சேர்த்தார்களே தவிர, எந்த அடுக்கில் எது வந்தது என்று ஒழுங்காகக் குறிக்கவில்லை. இத்தாலியில் செய்யப்பட்ட, காலம் தெரிந்த சிவப்புப் பானை ஓடுகள் எந்த அடுக்கில் கிடக்கின்றன என்று வீலர் பார்த்தார். அதை வைத்து, கூடவே கிடந்த உள்ளூர்ப் பானைகளுக்குக் காலம் கணித்தார். தென்னிந்தியத் தொல்லியலுக்கு அது ஒரு நங்கூரம்போல் அமைந்தது. அங்கேயும் 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி மீண்டும் தோண்டி, ரோம வணிகத்துக்கு முன்பே அங்கே ஊர் இருந்தது என்று காட்டினார். மெய்டன் காசிலில் நடந்ததேதான் அரிக்கமேட்டிலும். அடுக்கு நின்றது, கதை திருத்தப்பட்டது.

ஆகவே, மலைக்கோட்டை பற்றிய ஒரு செய்தியைப் படிக்கும்போது நீங்களே சோதித்துப் பார்க்கலாம். கிடைத்த பொருளின் கீழே இருந்த மண்ணைப் பற்றியும் மேலே இருந்த மண்ணைப் பற்றியும் சொல்கிறார்களா என்று பாருங்கள். பொருளை மட்டும் காட்டி, அது கிடந்த இடத்தைச் சொல்லாத செய்தியைக் கொஞ்சம் தள்ளியே வையுங்கள். முயலும் மண்புழுவும் மரவேரும் மண்ணைக் கலைத்துப் பழைய ஓட்டைப் புதிய அடுக்குக்கும் புதிய ஓட்டைப் பழைய அடுக்குக்கும் கொண்டு போவது உண்டு. அதனால் ஒற்றை ஓட்டை வைத்துச் சொல்லும் காலத்தையும் நம்ப வேண்டாம்.

டேன்பரியில் 43 விழுக்காடு நிலம் இன்னும் திறக்கப்படவில்லை. அகழாய்வு என்பது படித்த பக்கத்தைக் கிழித்துப் போடும் வாசிப்பு. தோண்டிய குழியை மறுபடி தோண்ட முடியாது. இன்று தீப்பெட்டி அளவு மண்ணில் தொழுவத்தையும் வீட்டையும் பிரிக்க முடிகிறது. கன்லிஃப் முதல் குழியைத் திறந்த 1969இல் அப்படிப் பிரித்துப் பார்ப்பது வழக்கத்தில் இல்லை. நாளைக்கு வருபவர்களுக்காக, அந்தப் புல்லுக்கடியில் மூடிய குழிகள் இன்னும் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன.